பாசி டீசலுக்கு இடம் பார்க்கிறவர்கள் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

"அண்ணாச்சி, திசையன்விளைப் பக்கம் பத்து ஏக்கர் சும்மா கிடக்கு. பாசி வளர்த்து டீசல் எடுக்கலாம்னு சொல்றாங்க, வந்து பாருங்களேன்" என்று யாராவது கூப்பிட்டால், நான் ஏக்கர் கணக்கைக் கேட்பதில்லை. அங்கே என்ன தண்ணீர் இருக்கிறது, அதை இப்போது யார் யார் எடுக்கிறார்கள் என்றுதான் கேட்பேன். நிலம் அளப்பதும் பண்ணைக்குட்டைக்கு இடம் பார்த்துக் கொடுப்பதும் என் தொழில். நெல்லைச் சீமையில் காலி நிலத்துக்குப் பஞ்சமில்லை. சண்டையெல்லாம் தண்ணீருக்குத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நுண்பாசியை (கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத மிகச் சிறிய பாசி) திறந்தவெளியில் வளர்க்க 20 முதல் 30 செ.மீ. ஆழத்தில் நீள்வட்ட வாய்க்கால் போன்ற தொட்டி கட்டி, துடுப்புச் சக்கரத்தால் தண்ணீரை ஓடவிடுவார்கள். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதை 20 செ.மீ. நிரப்ப 8 லட்சம் லிட்டர் வேண்டும். இது ஒரு தடவை. ஆனால் வெயிலும் காற்றும் நாளுக்கு 6 மி.மீ. இழுத்தால் தினமும் 24,000 லிட்டர் போய்விடும். 12,000 லிட்டர் டேங்கரில் இரண்டு லோடு. வருவது எவ்வளவு? சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 கிராம் காய்ந்த பாசி என்று வைத்தால் 40 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்றால் 8 கிலோ.

எட்டு கிலோ எண்ணெய்க்காக இரண்டு லாரி நல்ல தண்ணீரை வானத்துக்கு விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே கடைமடை வாழைக்காரர் ஒரு தண்ணிக்குக் காத்துக்கிடக்கிறார். தாமிரபரணித் தண்ணீரையும் குளத்துத் தண்ணீரையும் உங்கள் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். மிச்சம் இருப்பவை கடல்நீர், உப்பேறிய கிணற்று நீர், ஊர்க் கழிவுநீர். நன்னோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசி கடல்நீரில் வளரும். டுனாலியெல்லா உப்பளத்து உப்பையே தாங்கும். குளோரெல்லாவைக் கழிவுநீரில் வளர்க்கலாம். உணவுக்கு வளர்க்கும் ஸ்பைருலினா பாசிப் பண்ணையைப் பார்த்துவிட்டு இதற்கு வருகிறவர்கள் உண்டு. அதில் புரதம்தான் அதிகம், எண்ணெய் கொஞ்சம்தான். டீசலுக்கு அது வேண்டாம்.

சரி, கிணற்றைப் பார்க்கும் முறைக்கு வருவோம். காலையில் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு மோட்டாரைப் போடுங்கள். எவ்வளவு நேரத்தில் எத்தனை அடி இறங்குகிறது, நிறுத்திய பிறகு பழைய மட்டத்துக்கு ஏற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எழுதுங்கள். ஒரு தடவை வைகாசியில், இன்னொரு தடவை கார்த்திகை மழை முடிந்த பிறகு. உப்பையும் இரண்டு தடவையும் பார்க்க வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் சாதாரண டி.டி.எஸ். மீட்டர் கடும் உப்புக்கு எட்டாது. உப்பளத்தில் உப்புநீரின் அடர்த்தியை டிகிரியில் பார்க்கும் மானியைக் கேட்டு வாங்குங்கள், கடல்நீருக்கு அது சுமார் 3 டிகிரி காட்டும். கூடவே ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொடுத்துக் கடினத்தன்மை, இரும்பு, நைட்ரேட் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கிணறு மட்டும் போதாது. சுற்றியுள்ள கிணறுகளுக்கும் நடந்து போங்கள். பக்கத்துத் தோட்டத்தில் இன்றைக்கும் உப்பேறாத தண்ணீர் கிடைக்கிறது என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கடற்கரை ஓரத்தில் நாம் விடாமல் இறைத்தால் கடல் உள்ளே வரும், அந்தத் தோட்டக்காரர் கிணறும் உப்பாகும். ராதாபுரம், உடன்குடிப் பக்கம் இதை அனுபவித்தவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டியதில்லை. எத்தனை லாபக் கணக்கு காட்டினாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வருவதில்லை.

ஆவியாவதை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் வைத்து, ஸ்கேல் நட்டு, தினமும் காலையில் குறியுங்கள். ஆடு, மாடு குடிக்காமல் வேலி முக்கியம். ஆனி, ஆடியில் கட்டாயம் அளக்கணும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் பணகுடி, ராதாபுரம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தொட்டித் தண்ணீரையும் அதுவே உறிஞ்சும். போவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். 20 செ.மீ. ஆழப் பாசித் தொட்டியில் தினம் 6 மி.மீ. குறைந்து, அதே உப்புத் தண்ணீரை விட்டு நிரப்பினால், 33 நாளில் உப்பு இரண்டு மடங்கு. அப்போது கொஞ்சத்தை வெளியேற்றித்தான் ஆக வேண்டும். எங்கே விடுவீர்கள்? ஓடையிலும் குளத்திலும் விடக்கூடாது. பக்கத்தில் உப்பளம் இருந்தால் அவர்களோடு முன்கூட்டியே பேசுங்கள். பதில் இல்லாவிட்டால் மேற்கொண்டு அளக்க வேண்டாம்.

மண்ணைச் சோதிப்பது சுலபம். முழங்கால் ஆழத்தில் குழி வெட்டி, முதல் நாள் முழுக்க ஊறவிட்டு, மறுநாள் நிரப்பி மூடி வையுங்கள். இறங்கும் அளவு உறிஞ்சல். தேரி மண்ணில், அதாவது நம் பக்கத்துச் செம்மணலில், தண்ணீர் நிற்காது, பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் கருப்பு ஷீட் இல்லாமல் முடியாது. காற்றில் அந்தச் சிவப்பு மணல் பறந்து வந்து தொட்டியில் விழும் என்பதையும் நினையுங்கள். ஓட்டப்பிடாரம், கோவில்பட்டிக் கரிசல் தண்ணீரைப் பிடிக்கும், ஆனால் கோடையில் வெடிக்கும். சரிவை டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பாருங்கள். நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கினால் மண் வேலையே பணத்தை விழுங்கிவிடும்.

வெள்ளத்தை மறக்கக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. நம் தொட்டியின் ஆழமே 20 செ.மீ. பழைய வீட்டுச் சுவர்களில் அந்த வெள்ளம் ஏறிய தடத்தைப் பாருங்கள், ஓடை எந்தப் பக்கம் உடைத்தது என்று ஊரில் கேளுங்கள்.

"சும்மா கிடக்கு" என்ற சொல்லையும் அப்படியே எடுக்காதீர்கள். பட்டா, அடங்கல், வரைபடம் பார்ப்பதோடு, ஆட்டுக் கிடை போடுகிறவர்களையும் பனை ஏறுகிறவர்களையும் கேட்டால்தான் அந்த நிலத்தால் பிழைப்பவர்கள் யார் என்று தெரியும். தேரிக்காட்டில் வனத்துறை எல்லையும் வரும்.

அப்புறம் பாசிக்குத் தீனி. ஒரு கிலோ பாசிக்குச் சுமார் 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு வேண்டும். 40 கிலோவுக்கு 72 கிலோ. அது புகையில் கிடைக்கும், அதனால் தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்ற புகைபோக்கியிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறியுங்கள். தழைச்சத்துக்கு யூரியா என்றால் நாளுக்கு ஆறு கிலோ போகும், கழிவுநீர் கிடைத்தால் அது பெருமளவு மிச்சம்.

கடைசியாகக் கரண்ட். லிட்டருக்கு அரை கிராம் பாசிதான் இருக்கும் என்று வைத்தால், 40 கிலோ எடுக்க 80,000 லிட்டரை மோட்டார் வைத்து வடிகட்ட வேண்டும். மும்முனை மின்சாரம் எந்தக் கம்பத்தில் நிற்கிறது, பகலில் எத்தனை மணி நேரம் ஒழுங்காக வருகிறது என்பதையும் அதே நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.