மூலையில் த்ரோ மேல் த்ரோ வாங்குகிறீர்களா?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமில், மூலையில் மாட்டியவரைப் பிடித்து எறிந்து (இதுதான் த்ரோ), எழுந்ததும் மறுபடி எறிவதை ‘சீப்’ என்று ஏசுவார்கள். விதிப்படி அதில் தப்பில்லை. சாதாரண த்ரோ உயிரில் 1200 குறைக்கும். பெரும்பாலான கதாபாத்திரங்களின் உயிர் 10,000. 5 ஃபிரேமில், நொடியின் 12-இல் ஒரு பங்கில், பிடித்துவிடும். பார்த்துத் தடுக்க நேரமில்லை, ஊகிக்கத்தான் வேண்டும்.

ட்ரெயினிங் மோடில் மூலையில் நின்று, எதிரி பொம்மைக்கு இரண்டு ஸ்லாட் ரெக்கார்ட் செய்யுங்கள். ஒன்றில் த்ரோ, முன்னே டேஷ் (சட்டென்ற பாய்ச்சல்), மறுபடி த்ரோ. மற்றதில் த்ரோ, டேஷ், ஓர் எட்டு பின்வாங்கி பலமான அடி. இரண்டும் கலந்து ஓடட்டும். சும்மா அடியைத் தடுத்துக்கொண்டு நின்றால் முதலாவது எறியும். பயத்தில், த்ரோவிலிருந்து விடுபட த்ரோ பட்டன்களையே அழுத்தினால் உங்கள் கை காற்றில் போகும், இரண்டாவது உரித்துவிடும். அடியை ஏற்றுத் தட்டிவிடும் ‘பாரி’ (parry) இன்னும் மோசம்: பாரி செய்பவரைப் பிடித்து எறிந்தால் சேதம் கூடும். குதிக்கக் கிளம்புபவரைப் பிடிக்க முடியாது; ஆனால் எழும் நேரம் பார்த்து வரும் அடி விழும். ஆகவே எதையும் இரண்டு முறைக்கு மேல் தொடராதீர்கள்.

தடை கேட்க அளவுகோல் வேறு. 1994-இன் சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் அகுமா என்ற கதாபாத்திரத்தைப் போட்டிகளில் ஒதுக்கினார்கள். அவருடைய வான்வழி நெருப்புப் பந்துக்குப் பெரும்பாலோரிடம் பதிலே இல்லை. த்ரோவுக்குப் பதில் இருக்கிறது, கசப்பான பதில்.

நடு ஆட்டத்தில் ஆட்டத்தை நிறுத்தும் பாஸ் (pause) பட்டனை அழுத்துவதுதான் உண்மையான அநியாயம், தவறுதலாக என்றாலும். போட்டிகளில் வழக்கமாக அந்த ரவுண்டையே இழப்பீர்கள். உங்கள் ஆர்கேட் ஸ்டிக்கில் (நெம்புகோல் வைத்த கன்ட்ரோலர்) அந்தப் பட்டனை முடக்கும் லாக் ஸ்விட்ச் இருந்தால் உட்காரும்போதே போட்டுவிடுங்கள்.