விளக்கு எரிந்தது, பேட்டரி நிறையவில்லை

படகைத் துறையில் கட்டி, கரை மின்சாரக் கேபிளைச் செருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பேட்டரி 12.1 வோல்ட்டில் நின்றது. சார்ஜரின் பச்சை விளக்கு என்னவோ எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை நம்பியே இரண்டு நாள் வீணாக்கினேன்.

மூன்றாம் நாள் மல்டிமீட்டரை எடுத்தேன். சார்ஜரின் வெளியீட்டு முனையில் 14.4 வோல்ட், பேட்டரி முனையில் அதே 12.1. அப்படியானால் கோளாறு இடைவழியில். கை வைக்கும் முன் துறையின் பிரேக்கரை அணைத்தேன். கேபிளைக் கரைப்பக்கம் முதலில் கழற்றி, பிறகு படகுப்பக்கம் கழற்றினேன். மாற்றிச் செய்தால், பிரேக்கர் அணையாதிருக்கும்போது மின்சாரம் பாயும் முனை கையில், கீழே தண்ணீர்!

பேட்டரியை ஒட்டிய ஃபியூஸ் தாங்கியைத் திறந்தேன். உள்ளே ஒரே களிம்பு. ஃபியூஸ் நன்றாகவே இருந்தது, தொடுமுனைதான் அரித்துப்போயிருந்தது. கறுத்த கம்பி நுனியை வெட்டி, வெள்ளீயம் பூசிய புதிய முனையை அழுத்திப் பொருத்தினேன். தாங்கியும் புதிது; ஃபியூஸ் மட்டும் அதே ஆம்பியர் அளவில். பெரியது போடும் ஆசையை அடக்கிக்கொண்டேன்.

இணைக்கும்போது படகுப்பக்கம் முதலில், பிரேக்கர் கடைசியில். மாலைக்குள் பேட்டரி முனையிலும் 14.4 வந்தது, மறுநாள் காலை பேட்டரி நிறைந்து, சார்ஜர் தானாகவே 13.5க்கு இறங்கியிருந்தது.