சருகை மட்கச் செய்வது எந்த உயிர்? வலைப்பை வைத்து அளக்கும் முறை

ஒரே சருகை வெவ்வேறு கண்ணளவுள்ள நைலான் வலைப்பைகளில் போட்டுத் தரையில் விட்டால், மட்குவதில் எந்த உயிருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துவிடலாம். 0.05 மி.மீ. கண்ணுக்குள் பெரும்பாலும் பாக்டீரியாவும் பூஞ்சையும்தான் நுழையும். 2 மி.மீ. என்றால் சிலந்திப்பேன் போன்ற சிற்றுயிர்களும் சேரும். 8 மி.மீ.யில் மண்புழு, மரவட்டை, கரையான் எல்லாம் உள்ளே வரும்.

தானாக உதிர்ந்த சருகையே எடுங்கள். பச்சை இலையைப் பறித்துக் காயவைப்பது தவறு: மரம் உதிர்க்கும் முன் இலையிலுள்ள நைட்ரஜனில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது, பறித்த இலையில் அது அப்படியே இருப்பதால் வேகமாக மட்கும்.

நிழலில் எடை மாறாத அளவுக்குக் காயவைத்து, 20 × 20 செ.மீ. பைக்கு 10 கிராம் இடுங்கள். 5 மாதிரிகளைத் தனியே 60 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் உலர்த்தி, ஈரத்தின் எடையைக் கணக்கிட்டுக் கழியுங்கள். 1, 3, 6 மாதங்களில் எடுக்க, ஒவ்வொரு கண்ணளவுக்கும் தடவைக்கு 5 பைகள், மொத்தம் 45. மை அழியும், அலுமினியத் தகட்டில் எண்ணைக் கீறிக் கட்டுங்கள். கண்ணளவுக்கு 2 பைகளைக் கூடுதலாகக் கொண்டுபோய் அன்றே திரும்பக் கொண்டுவாருங்கள். வழியில் உதிர்ந்த தூள் எவ்வளவு என்பது அதில் தெரியும்.

பழைய சருகை விலக்கி, பை மண்ணைத் தொடும்படி முளையடியுங்கள்.

பெரிய கண் வழியே துண்டுகள் கீழே கொட்டும். நுண்வலையோ ஈரத்தை அதிக நாள் பிடித்துவைக்கும். இரண்டும் கணக்கைக் கெடுக்கும். அதனால் எல்லாப் பைகளையும் நுண்வலையிலேயே தைத்து, பக்கங்களில் மட்டும் 2 அல்லது 8 மி.மீ. துளைகள் இடுவதே நல்லது.

எடுத்த பையைக் கழுவாதீர்கள், கரையக்கூடியவை போய்விடும். தூரிகையால் மண்ணையும் வேரையும் தட்டி, உலர்த்தி, நிறுங்கள். மண்புழு எச்சம் அப்பிய இலை, தொடங்கியதைவிடக் கனமாகக்கூட இருக்கும். அதனால் நிறுத்த சருகை அரைத்து, 1 கிராம் தூளை 500 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் எரித்து, சாம்பலின் எடையைக் கழித்து வருவதையே கணக்கில் கொள்ளுங்கள். தொடக்கச் சருகுக்கும் இதையே செய்யுங்கள்.

மீதி எடையைத் தொடக்க எடையால் வகுத்து, இயல் மடக்கை (கணிப்பானில் ln) எடுத்து, குறியை மாற்றி, ஆண்டுக் கணக்கில் காலத்தால் வகுத்தால் மட்கும் வீதம். 6 மாதத்தில் பெரிய துளைப் பையில் 60 சதவீதம் மிஞ்சினால் 1.02, துளையில்லாப் பையில் 70 என்றால் 0.71. வித்தியாசம் 0.31, பெரிய உயிர்களும் சிற்றுயிர்களும் சேர்ந்து கூட்டிய வேகம். ஆனால் கரையானும் மண்புழுவும் வெளியே இழுத்துப்போன துண்டும் இந்த இழப்பில் அடங்கும்; அது வேறிடத்தில் இன்னும் மட்காமல் கிடக்கலாம்.