ரீகால் பழுது: "பார்ட் வரல" என்ற பதிலுக்குப் பின்னால் இருந்தது

என் காரின் முன்சீட் ஏர்பேக் இன்ஃப்ளேட்டரை (பையை ஊதவைக்கும் பாகம்) மாற்றித் தர ரீகால் கடிதம் வந்தது, அதாவது குறையுள்ள பாகத்தை மாற்ற தயாரிப்பு நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைப்பது. டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியவில்லை. எரியாது, அது மின்சுற்றை மட்டும்தான் பார்க்கும், உள்ளே இருக்கும் வெடிமருந்து வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போயிருப்பது அதற்குத் தெரியாது. சர்வீஸ் சென்டரில் போனபோதெல்லாம் ஒரே பதில்: "பார்ட் வரல, வந்ததும் கூப்பிடுறோம்." வேறு கிளையிலும் அதே கதை. கஸ்டமர் கேரில் புகார் எண் கொடுத்தார்கள், அதோடு சரி.

விஷயம் பழைய ஜாப் கார்டில் (சர்வீஸில் செய்த வேலையை எழுதித் தரும் சீட்டு) இருந்தது. அதே ஏர்பேக்குக்கு முன்பே ஒரு ரீகால் வேலை நடந்திருக்கிறது. ஆனால் அது தற்காலிக மாற்று, குறையுள்ள அதே ரகத்தில் புதிய பாகம். அதன் ரீகால் எண் வேறு, கடிதத்தில் இருந்த எண் வேறு. கம்ப்யூட்டரில் பழைய எண்ணைப் பார்த்து "முடிந்தது" என்று வைத்திருந்தார்கள். இந்தப் பாகம் ஸ்டாக்கில் கிடக்காது, அந்தந்த வண்டியின் சேஸிஸ் எண் மீது ஆர்டர் போட்டால்தான் வரும். என் வண்டிக்கு ஆர்டரே இல்லை!

கடிதம், ஜாப் கார்டு, சேஸிஸ் எண் மூன்றையும் போட்டோ எடுத்து, "புதிய ரீகால் எண்ணைத் திறந்து ஆர்டர் எண்ணை எழுத்தில் தரவும்" என்று தயாரிப்பு நிறுவனத்துக்கே மெயில் அனுப்பினேன். எண்ணை எழுதும்போது கவனம்: 17 இலக்க சேஸிஸ் எண்ணில் ஆங்கில ஐ (I), ஓ (O), க்யூ (Q) எழுத்துகள் வரவே வராது. ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்யம்தான். ஆர்டர் எண் கிடைத்தபின் சர்வீஸ் சென்டரில் பேச்சே மாறியது.

பாகம் வரும்வரை அந்த சீட்டில் யாரையும் உட்காரவைக்கவில்லை. ஏர்பேக்கின் வயர் இணைப்பை நாமே கழற்றக்கூடாது, ஏர்பேக் வெடிமருந்துள்ள பொருள்.