ஓடிக்கொண்டே வாய்ப்பாடு: பெருக்கலும் வகுத்தலும் பழக மூன்று வகுப்பறை விளையாட்டுகள்

ஏழாம் வாய்ப்பாட்டை முழுவதும் ஒப்பிக்கும் பிள்ளையிடம் ‘ஏழெட்டு எவ்வளவு?’ என்று நடுவில் கேட்டுப் பாருங்கள். பலர் ஓரேழு ஏழில் தொடங்கி எட்டு படி ஏறித்தான் 56-க்கு வருவார்கள். ‘56-இல் ஏழு எத்தனை?’ என்றால் இன்னும் திணறுவார்கள். வரிசையை உடைத்துக் கேட்பதும், பெருக்கலோடு வகுத்தலையும் சேர்த்தே கேட்பதும்தான் இந்த விளையாட்டுகளின் வேலை.

முதலில் எதைப் பழக்க வேண்டும் என்று பாருங்கள். 10 வரையிலான வாய்ப்பாட்டில் 100 கணக்குகள் இருக்கின்றன. 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் பெரும்பாலும் சீக்கிரம் வந்துவிடும். 6 × 7, 7 × 6 இரண்டையும் ஒன்றாக எண்ணினால் மிஞ்சுவது 21 மட்டுமே. அதிலும் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது 6 × 7, 6 × 8, 6 × 9, 7 × 8, 7 × 9, 8 × 9 ஆகியவற்றில். நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

வட்டத்தில் குதி

ஐந்து பேருக்கு ஒரு களம். தரையில் சாக்பீஸால் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது வட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றும் 30 செ.மீ. அகலம், இடைவெளியும் அதே அளவு. ஒன்றரை மீட்டர் சதுரத்தில் அடங்கிவிடும். எண்களைத் தாளில் எழுதித் தரையில் வைக்காதீர்கள். குதிக்கும்போது தாள் வழுக்கும்.

ஒன்பது எண்களில் மூன்று மட்டும் புதியவை, மற்றவை தெரிந்தவை. உதாரணமாக 42, 54, 56 புதியவை. 12, 16, 21, 24, 27, 36 பழையவை. ஏறுவரிசையில் எழுதினால் பிள்ளைகள் இடத்தை வைத்தே ஊகித்துவிடுவார்கள், கலைத்து எழுதுங்கள். 54-ஐயும் 56-ஐயும் தள்ளித் தள்ளி வையுங்கள். இந்த இரண்டையும்தான் அதிகம் மாற்றிச் சொல்வார்கள். பக்கத்தில் இருந்தால் கால் எதில் விழுந்தது என்று தகராறு வரும்.

ஒருவர் அட்டையைப் பார்த்து ‘ஆறேழு’ என்று கூப்பிட, ஒருவர் 42-இல் குதிக்கிறார். அவர் வட்டத்தை விட்டு வெளியே வருவதற்குள் அடுத்த கேள்வி: ‘இதில் ஆறு எத்தனை?’ ‘ஏழு’ என்று சொன்னால்தான் ஒரு புள்ளி. இந்தப் பாதியை விட்டுவிட்டால் வகுத்தல் பழகவே பழகாது. மூன்றாமவர் கையில் விடைத்தாள். மற்ற இருவர் ஒவ்வொரு விடையையும் சிலேட்டில் எழுதுகிறார்கள். ஐந்து கேள்விக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள்.

ஒரு கேள்விக்குப் பன்னிரண்டு வினாடி என்றால் பத்து நிமிடத்தில் 50 கேள்விகள். ஒவ்வொரு பிள்ளையும் 10 முறை குதித்து, 20 முறை எழுதியிருக்கும். முப்பது பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் அதே பத்து நிமிடத்தில் ஆளுக்கு இரண்டு கேள்விகூட வராது. தவறாகச் சொன்னவரை ‘அவுட்’ ஆக்கும் விளையாட்டுகளை நான் பரிந்துரைக்காததும் இதனால்தான்: யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவர்தான் முதலில் ஓரமாகப் போய் உட்காருவார்.

விடை தெரியாமல் நின்றால் உடனே சொல்லிக்கொடுக்க வேண்டாம். தெரிந்த இடத்திலிருந்து ஏறட்டும்: ஏழேழு 49, இன்னொரு ஏழு சேர்த்தால் 56. அல்லது ஐயெட்டு 40, ஈரெட்டு 16, மொத்தம் 56.

மூவர் கூட்டணி

6, 7, 42 என்று மூன்று அட்டைகள் ஒரு குடும்பம். முப்பது பேருக்குப் பத்துக் குடும்பங்கள். கலைத்துக் கொடுத்து, மூவரும் ஒருவரையொருவர் தேடிச் சேரச் சொல்லுங்கள். சேர்ந்ததும் நான்கு வாக்கியங்கள் சொல்லிவிட்டு உட்கார வேண்டும்: 6 × 7 = 42, 7 × 6 = 42, 42 ÷ 6 = 7, 42 ÷ 7 = 6.

முதல் நாள் 12, 16, 18, 24, 36 வேண்டாம். இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜோடிகள் உண்டு. 24 வைத்திருப்பவர் 3-ஐயும் 8-ஐயும் விட்டுவிட்டு 4-ஐயும் 6-ஐயும் இழுத்துக்கொண்டால், 4-ஐ நம்பியிருந்த 28 தனியாக நிற்கும். விளையாட்டு பழகிய பிறகு இதையே வேண்டுமென்று சேருங்கள். யார் பிரிந்து யாரோடு சேர்ந்தால் எல்லோருக்கும் இடம் கிடைக்கும் என்று அவர்களே பேசித் தீர்ப்பது மிக நல்ல கணக்கு.

குழு சேர்

எல்லோரும் நடக்க, நீங்கள் ‘நான்கு பேர் கொண்ட குழு!’ என்கிறீர்கள். முப்பது பேர் என்றால் ஏழு குழு, மீதி இருவர். கரும்பலகையில் 30 = 4 × 7 + 2 என்று உடனே எழுதுங்கள். அடுத்த எண்ணை மீதி நின்ற இருவரே சொல்லட்டும்.

பிறகு கட்டளையை மாற்றுங்கள்: ‘நான்கு குழுக்கள்!’ ஒரு நிமிடம் குழப்பம் வரும். முன்பு ஒரு குழுவில் எத்தனை பேர் என்று தெரியும், இப்போது எத்தனை குழு என்று மட்டும்தான் தெரியும். வகுத்தலுக்கு இந்த இரண்டு பொருளும் உண்டு என்பதைத் தாங்களே ஓடி நின்று பார்த்த பிறகு, வாக்கியக் கணக்குகளில் தடுமாற்றம் குறையும்.

குதிக்க முடியாத பிள்ளை நீளக் குச்சியால் வட்டத்தைத் தொடலாம், புள்ளி அதேதான். களம் முடிந்ததும் சிலேட்டுகளை அழிக்கும் முன் ஒரு பார்வை பாருங்கள். மூன்று பேருக்கு மேல் தவறவிட்ட கணக்குகளின் அட்டைகளைத் தனியே எடுத்துவையுங்கள். மறுநாள் களத்தில் ‘புதியவை’ அவைதான்.