கையில் காசு கொஞ்சம்தானா? கசினோவில் பிளாக்ஜாக் ஆடத் தொடங்குவது எப்படி

குறைந்த காசோடு பிளாக்ஜாக் ஆடப் போகிறவர், முதல் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே முக்கியமான முடிவுகளை எடுத்துவிட வேண்டும். எவ்வளவு பணம், எந்த டேபிள், எவ்வளவு வேகம். இவை மூன்றும் சரியாக அமைந்தால் சுமாராக ஆடினாலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம்.

போகிற ஊரில் சூதாட்டத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா, வயது வரம்பு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பணத்தைப் பிரித்து வையுங்கள்

பயணச் செலவு, தங்கும் செலவு எல்லாம் போக, முழுதாகப் போனாலும் வயிறெரியாத தொகை எதுவோ அதுதான் ஆட்டப் பணம். சினிமா டிக்கெட்டுக்குக் கொடுத்த காசை யாரும் திரும்பக் கேட்பதில்லை. இதையும் அந்தக் கணக்கில் எழுதிவிடுங்கள். அந்தத் தொகையை எத்தனை தடவை உட்காரப் போகிறீர்களோ அத்தனை பங்காகப் பிரித்துத் தனித்தனி உறையில் போடுங்கள். ஒரு உறை தீர்ந்தால் அன்றைய அந்த ஆட்டம் முடிந்தது. டெபிட் கார்டு அறையிலேயே இருக்கட்டும்.

ஒரு உறைக்குள் குறைந்தது 40 பந்தயத்துக்கான பணம் இருக்க வேண்டும். டேபிளின் குறைந்தபட்சப் பந்தயம் 10 என்றால் 400 வேண்டும் (நாணயம் எதுவானாலும் கணக்கு இதேதான்). அவ்வளவு எதற்கு என்று தோன்றும். இந்த ஆட்டத்தில் நல்ல சீட்டு வரும்போதுதான் கூடுதல் பணம் தேவைப்படும். சீட்டுகளின் கூட்டு 11 வந்தால் பந்தயத்தை இரட்டிப்பாக்க வேண்டும். இரண்டு 8 வந்தால் இரண்டு கையாகப் பிரிக்க வேண்டும் (கை என்றால் ஒரு சுற்றில் ஆடும் சீட்டுத் தொகுப்பு), அதில் ஒன்றை மறுபடி இரட்டிப்பாக்க வேண்டி வரலாம். ஐந்தாறு சிப்ஸோடு (காசுக்குப் பதிலாகக் கசினோ தரும் வில்லைகள்) உட்கார்ந்தவர் அந்த நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு இருப்பார்.

படி 2: ஆட்டத்தின் அடிப்படை

உங்கள் எதிரி, கசினோவுக்காகச் சீட்டுப் போடும் டீலர் மட்டும்தான். பக்கத்தில் இருப்பவர்கள் எப்படி ஆடினாலும் நீண்ட ஓட்டத்தில் உங்களுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. "நீங்க அந்தச் சீட்டை எடுத்ததாலதான் எனக்குப் போச்சு" என்று சண்டைக்கு வருபவர் எல்லா ஊரிலும் உண்டு, பதில் சொல்லாதீர்கள்.

2 முதல் 10 வரை எண்ணுக்குள்ள மதிப்பு. ஜாக்கி, ராணி, ராஜா மூன்றுக்கும் 10. ஏஸ் 1 அல்லது 11. 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் வைத்திருந்தால் வெற்றி. தாண்டினால் பஸ்ட், அப்போதே பந்தயம் போய்விடும். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் ஒரு பத்தும் வந்தால் அது பிளாக்ஜாக். டீலர் 17 வரும்வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், அவருக்கு யோசிக்க உரிமை கிடையாது. நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள், நீங்கள் பஸ்ட் ஆனபின் டீலரும் பஸ்ட் ஆனால்கூட உங்கள் காசு திரும்பாது. கசினோவின் லாபம் முழுவதும் இந்த ஒரு வரிசையில்தான் ஒளிந்திருக்கிறது.

படி 3: டேபிளைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் அரை மணி நேரம் செலவழித்தாலும் தகும். உடனே உட்காராமல் ஒரு சுற்று நடந்து, ஒவ்வொரு டேபிளிலும் இருக்கும் பலகையையும் விரிப்பில் அச்சடித்திருப்பதையும் படியுங்கள்.

முதலில் தேட வேண்டியது, பிளாக்ஜாக்குக்கு 3:2 தருகிறார்களா, 6:5 தருகிறார்களா என்பது. 10 வைத்தால் முதல் டேபிளில் 15 கிடைக்கும், இரண்டாவதில் 12. மூன்றுதானே என்று விடாதீர்கள். ஏறக்குறைய 21 கைக்கு ஒரு பிளாக்ஜாக் வரும். அந்த மூன்றை எல்லாக் கைக்கும் பரப்பினால் கசினோவின் விகிதம், அதாவது உங்கள் பந்தயத்தில் சராசரியாக அதற்குச் சேரும் பங்கு, சுமார் 1.4 சதவீதம் கூடுகிறது. ஒழுங்காக ஆடினால் 3:2 டேபிளில் கசினோவுக்கு உங்கள் பந்தயத்தில் சராசரியாக அரை சதவீதம்தான் சேரும். 6:5 டேபிளில் அது கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிடுகிறது. மணிக்கு 70 கை, கைக்கு 10 என்று வைத்தால், முதல் டேபிளில் ஒரு மணி நேரத்தின் சராசரி இழப்பு மூன்றரை, இரண்டாவதில் 13. குறைந்தபட்சப் பந்தயம் சிறியதாக இருக்கும் டேபிள்கள்தான் பெரும்பாலும் 6:5 ஆக இருக்கும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை. 10 குறைந்தபட்சம் உள்ள 6:5 டேபிளைவிட 15 குறைந்தபட்சம் உள்ள 3:2 டேபிள் உங்களுக்கு மலிவு. ஆனால் 15 என்றால் உறையில் 600 இருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னிரவிலோ வார நாள் காலையிலோ வாருங்கள், கூட்டம் குறைந்த நேரங்களில் குறைந்தபட்சத்தை இறக்கி வைப்பது வழக்கம்.

இரண்டாவது, வேகம். காலி டேபிளில் டீலரோடு தனியாக உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் 200 கைகூட ஓடிவிடும். ஆட்கள் நிறைந்த டேபிளில் 60, 70-தான். குறைந்த காசுக்காரர் கூட்டத்தைத் தேடித்தான் போக வேண்டும். சீட்டைக் குலுக்கிக்கொண்டே இருக்கும் இயந்திரம் வைத்த டேபிளில் குலுக்கும் இடைவேளை கிடையாது, அதனால் கைகள் கூடும். வேறு இடம் இருந்தால் தவிர்க்கலாம். திரையில் தட்டி ஆடும் பிளாக்ஜாக்கில் பந்தயம் சிறியது, ஆனால் வேகம் அதிகம், பிளாக்ஜாக்குக்கு என்ன தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏஸோடு சேர்ந்த 17-ல் டீலர் நின்றுவிடுவாரா, சீட்டு எடுப்பாரா என்பதும் பலகையில் இருக்கும். நிற்பது உங்களுக்கு நல்லது. வித்தியாசம் சுமார் 0.2 சதவீதம்தான், இதற்காக 3:2-ஐ விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 4: உட்காரும் முறை

ஒரு கை முடியும்வரை காத்திருந்து, பணத்தை டேபிள்மேல் வையுங்கள். டீலரின் கையில் நேராகக் கொடுக்க முயலாதீர்கள், வாங்கமாட்டார். சிப்ஸ் வந்ததும் வட்டத்துக்குள் பந்தயத்தை வையுங்கள். சீட்டு போட ஆரம்பித்தபின் அதைத் தொடக்கூடாது. சீட்டுகள் முகம் மேலே தெரியும்படி போடப்பட்டால் அவற்றையும் தொட வேண்டாம்.

மேலிருந்து கேமரா பார்ப்பதால் வாய்ச்சொல் போதாது, கையால் காட்ட வேண்டும். சீட்டு வேண்டுமென்றால் விரலால் டேபிளைத் தட்டுங்கள். போதுமென்றால் உள்ளங்கையைக் கீழே பார்த்தபடி பக்கவாட்டில் அசையுங்கள். இரட்டிப்பாக்க, அதே அளவு சிப்ஸைப் பழைய பந்தயத்தின் பக்கத்தில் (மேலே அடுக்காமல்) வைத்து ஒரு விரல். பிரிக்க, அதேபோல வைத்து இரண்டு விரல்.

படி 5: எப்போது எடுப்பது, எப்போது நிற்பது

இதை உள்ளுணர்வுக்கு விடத் தேவையில்லை. அமெரிக்க ராணுவத்தில் இருந்த ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கான்டி, ஹெர்பர்ட் மைசெல், ஜேம்ஸ் மெக்டெர்மாட் என்ற நால்வர், கணினி இல்லாமல் மேசைக் கணக்கிடும் இயந்திரத்திலேயே இதைக் கணக்குப் போட்டு 1956-ல் வெளியிட்டார்கள். பின்னால் கணினியில் செம்மையான அதன் சுருக்கம் இது (எண்கள் உங்கள் சீட்டுகளின் கூட்டு; டீலர் காட்டுவது என்பது முகம் தெரிய வைத்திருக்கும் அவருடைய ஒரு சீட்டு):

- ஏஸை 11 ஆக எண்ணாத 17-ம் அதற்கு மேலும்: நில்லுங்கள்.
- 12 முதல் 16 வரை: டீலர் 2–6 காட்டினால் நில்லுங்கள், 7 முதல் ஏஸ் வரை காட்டினால் எடுங்கள். 12-க்கு மட்டும் டீலரின் 2, 3-க்கு எதிராக எடுக்க வேண்டும்.
- 11: டீலரிடம் ஏஸ் தவிர எது இருந்தாலும் இரட்டிப்பு. 10: டீலர் 2–9 காட்டினால் இரட்டிப்பு. 9: 3–6-க்கு எதிராக மட்டும். மற்ற நேரத்திலும், 8-ம் அதற்குக் கீழும், சீட்டு எடுங்கள்.
- ஏஸும் 6-ம், அதற்குக் கீழும்: ஒருபோதும் நிற்காதீர்கள். ஏஸும் 7-ம்: டீலர் 9, 10, ஏஸ் காட்டினால் எடுங்கள், இல்லையென்றால் நில்லுங்கள்.
- இரண்டு ஏஸ், இரண்டு 8: எப்போதும் பிரியுங்கள். இரண்டு 10, இரண்டு 5, இரண்டு 4: பிரிக்காதீர்கள். மற்ற ஜோடிகளை டீலர் 2–6 காட்டினால் பிரியுங்கள்.

டீலர் 4, 5, 6 காட்டும்போது பத்துக்கு நான்கு முறை பஸ்ட் ஆகிறார். 10 காட்டும்போது ஐந்துக்கு ஒன்றுதான். பட்டியல் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தின்மேல் நிற்கிறது. 16 வைத்துக்கொண்டு டீலரின் 10-ஐப் பார்ப்பதுதான் ஆட்டத்தின் மோசமான இடம்: எடுத்தாலும் நின்றாலும் நான்குக்கு மூன்று முறை தோல்வி. பாதிப் பந்தயத்தோடு விலகும் சரண்டர் வசதி அங்கே இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

மனப்பாடம் வராவிட்டால் சிறிய அட்டையில் எழுதிக்கொண்டு போகலாம். பல கசினோக்களில் அதைப் பார்த்து ஆட விடுவார்கள். உட்காரும்போதே டீலரிடம் கேட்டுவிடுங்கள். ஃபோனை மட்டும் டேபிளில் எடுக்காதீர்கள்.

படி 6: தொடக்கூடாதவை

டீலர் ஏஸ் காட்டியதும் இன்ஷூரன்ஸ் (அவருக்குப் பிளாக்ஜாக் இருந்தால் இரு மடங்கு தரும் தனிப் பந்தயம்) வேண்டுமா என்று கேட்பார். வேண்டாம். 13 சீட்டு வகைகளில் பத்து மதிப்புள்ளவை 4. 13 முறை ஒவ்வொரு சிப் வைத்தால், 4 முறை இரண்டிரண்டாக 8 வரும், மீதி 9 முறை வைத்தது போகும். பேரில்தான் பாதுகாப்பு.

வட்டத்துக்குப் பக்கத்தில் ஜோடிக்கும் பிறவற்றுக்கும் இருக்கும் பக்கப் பந்தயங்களில் கசினோவின் விகிதம் முக்கிய ஆட்டத்தைப் போலப் பல மடங்கு.

தோற்கத் தோற்க இரட்டிப்பாக்கினால் ஒருநாள் பிடித்துவிடலாம் என்பவர்களும் உண்டு. 10, 20, 40, 80, 160, 320: ஆறு தோல்வியில் 630 போய்விட்டது, ஏழாவதற்கு 640 வேண்டும், அதுவும் 10 லாபத்துக்கு. உங்கள் உறை அதற்கு முன்பே காலி. எப்போதும் ஒரே அளவு பந்தயம் வையுங்கள்.

படி 7: எழுந்திருப்பது

நேரத்தை முன்பே முடிவு செய்து கைக்கடிகாரத்தில் அலாரம் வையுங்கள், பல கசினோ அறைகளில் சுவர்க் கடிகாரமே இருக்காது. உறை இரட்டிப்பாகிவிட்டால் முதலில் போட்ட தொகையைத் தனியே எடுத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

கிளம்பும்போது சில்லறைச் சிப்ஸை அள்ளிக்கொண்டு நடக்க வேண்டாம். ஒரு கை முடிந்ததும் எல்லாவற்றையும் டீலர் பக்கம் தள்ளி, பெரிய சிப்ஸாக மாற்றித் தரச் சொல்லுங்கள். டிப்ஸ் வாங்கும் இடமென்றால் டீலருக்கு ஒரு சிப் வைத்துவிட்டு, மீதியை அன்றே கேஷ் கவுண்டரில் பணமாக்குங்கள். அந்தச் சிப்ஸ் வேறு கசினோவில் செல்லாது.