ஊரில் சேர்ந்திசைக் குழு அமைக்கும் முறை

மார்கழி விடியலில் திருப்பாவையும் திருவெம்பாவையும் பாடித் தெருவைச் சுற்றிவரும் பஜனை கோஷ்டியும், ஞாயிறு ஆராதனைக்காக வாரந்தோறும் கூடிப் பயிலும் தேவாலயப் பாடகர் குழுவும் தலைமுறைகளாக நிலைத்திருப்பதற்குக் குரல்வளத்தைவிட நாள்காட்டியே பெரிய காரணம். பாட வேண்டிய நாள் முன்னரே குறிக்கப்பட்டிருப்பதால் அங்கே பயிற்சி தடைப்படுவதில்லை. ஆகவே எல்லாச் சமயத்தவரும் கலந்த குழுவைத் தொடங்க விரும்புவோர், ஆள் சேர்ப்பதற்கு முன்பே, பொங்கல் விழா, நூலக ஆண்டு விழா, பள்ளியில் குடியரசு நாள் என எங்கெங்கே பாடப்போகிறோம் என்பதை முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

உறுப்பினர்களுக்குக் குரல் தேர்வு வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, வாயை மூடி அதனோடு இழைந்து முனகச் சொன்னாலே போதும். உடனே சேராதவரைச் சுருதி தவறாத இருவருக்கு நடுவே நிறுத்திவிட்டால், கேட்டுக் கேட்டே பலர் சேர்ந்துகொள்வர்.

பெரும்பாலான குழுக்கள் இடறுவது கட்டையில்தான், அதாவது பாட்டின் ஆதார சுருதியை எந்த உயரத்தில் வைப்பது என்பதில்தான். ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவது நம் வழக்கம். இருவரும் ஒன்றாகப் பாடும்போது எதைப் பிடித்தாலும் பாதிப் பேர் மேலே கத்துவார்கள் அல்லது கீழே காற்றாகிப்போவார்கள். எனவே முதலில் பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் கண்டறிய வேண்டும். கீழ்ப் பஞ்சமம் (ப) வரை இறங்கி, நடு ஸ்தாயி நிஷாதத்தை (நி) தாண்டாத பாட்டானால் இரண்டரை அல்லது மூன்று கட்டை பொருந்தும். ஆண்குரலும் பெண்குரலும் ஒரு ஸ்தாயி (ஒரு ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’ வரையிலான தொலைவு) இடைவெளியில் இயல்பாக அமைந்துவிடும். மேல்ஸ்தாயியில் நின்று விளையாடும் பாட்டைத் தொடக்கத்தில் தவிர்ப்பதே நல்லது.

ஒரே மெட்டை எல்லாரும் பிசிறின்றிப் பாடப் பழகிய பிறகே குரல்களைப் பிரிக்க வேண்டும். மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவை உருவாக்கிய இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், பாரதியின் பாடல்களைப் பல குரல்களுக்கு அமைத்து இதற்குத் தமிழில் வழிகாட்டியிருக்கிறார். புதிய குழு அவ்வளவு தூரம் உடனே போக வேண்டியதில்லை. ஒரு பிரிவு ஷட்ஜத்தையும் (ச) பஞ்சமத்தையும் நீட்டிப் பிடித்திருக்க, மற்றவர்கள் அதன்மேல் பாடினாலே பாட்டுக்குக் கனம் கூடும். சுரத்தை அசைத்துப் பாடும் கமகங்களைக் குறைத்துக்கொள்வது அவசியம். இருபது பேர் இருபது விதமாக அசைத்தால் சுரமே கலங்கிப்போகும் என்பதால், எந்த எழுத்தில் அசைவு, எங்கே நேர்சுரம் என்பதைப் பாட்டுத் தாளிலேயே குறித்துக் கொடுக்கலாம். மூச்சு வாங்கும் இடங்களுக்கும் அப்படியே குறியிடுங்கள். சொல்லின் நடுவே மூச்சு முறிந்தால் பொருளே மாறிவிடக்கூடும்.

பாட்டுத் தேர்வில் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. நாட்டுடைமையாக்கப்பட்ட பாரதி, பாரதிதாசன் பாடல்வரிகளுக்கு அனுமதிச் சிக்கல் கிடையாது. மெட்டு இன்னொருவருடையதானால் மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேடையில் ஆளுக்கொரு மைக் கொடுத்தால் ஒருவர் குரல் மட்டும் துருத்திக்கொண்டு வரும். அரைவட்டமாக நின்று, முன்னால் சற்றுத் தள்ளி இரண்டு மைக்குகளை மட்டும் உயர்த்தி வைத்து, ஒலிபெருக்கிக்காரரிடம் எதிரொலியை அறவே நிறுத்தச் சொல்லிவிட்டு, சுருதியை ஒரு முறை எல்லாரும் கேட்ட பின்பு பாட்டைத் தொடங்க வேண்டும்.